நடுவில் ஒரு வருஷம்

நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிற முருகேசன் போன மாதம் ஷார்ஜாவிலிருந்து போன் செய்தான். "அண்ணே, ஆபீஸுக்கு இப்ப இன்டர்வியூன்னு யாருமே வர்றதில்லண்ணே. எல்லாம் கம்ப்யூட்டர்லயே மூஞ்சியப் பாத்து முடிச்சிர்றாங்க. மேடம் ரூமுக்கு வெளிய நாலு சேர் கெடந்துச்சுல்ல, அதத் தூக்கி ஸ்டோர்ல போட்டாச்சு" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "ஒங்க காலத்துல எப்படிண்ணே? இன்டர்வியூக்கு வந்தவங்களுக்கெல்லாம் நீங்கதான் டீ குடுப்பீங்களாமே?" என்று கேட்டான்.

எனக்குப் போனில் பேச வராது. நேரிலும் அவ்வளவாக வராது. "ஆமாப்பா, நெறையக் குடுத்துருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அந்த நாலு நாற்காலிகள் அன்று முழுவதும் மனதை விட்டுப் போகவில்லை. முருகேசனிடம் வாயால் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ரூமுக்கு யார் கொண்டுவந்து போட்ட தமிழ்ப் பேப்பரையும் விடாமல் படித்ததால் எழுத்து மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம், அறந்தாங்கிப் பக்கம். ஒரு கட்டுமானக் கம்பெனியில் துப்புரவு வேலைக்குத்தான் ஷார்ஜா போனேன். இரண்டு கோடை சைட்டில் கழிந்தது. அந்த வெயிலைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். ஆபீசுக்கு ஒரு ஆள் வேண்டும், உள்ளே கேட்டதை வெளியே சொல்லாத ஆளாக இருக்க வேண்டும் என்று கேட்டபோது, எங்கள் தொழிலாளர் கேம்ப்பைப் பார்த்துக்கொண்ட மலையாளி என்னைக் கைகாட்டினார். "இவன் உள்ள கேட்டதச் சொல்ல மாட்டான். வெளிய கேட்டதையே சொல்ல மாட்டான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கூச்சத்தால் எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான். ஆபீஸ் ஆள் என்பதால் கேம்ப்பிலிருந்து ஷார்ஜா ஊருக்குள்ளேயே ரோலாவில் ஒரு ரூமுக்கு மாற்றினார்கள். எட்டுக் கட்டில் உள்ள ரூம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலேயே.

டீ போடப் பழகியது பெரிய கதை இல்லை. இந்த அரபிக்கு இஞ்சி ஆகாது, அந்த இஞ்சினியருக்குச் சர்க்கரை நோய், அக்கவுண்டண்டுக்குக் கப் விளிம்பு வரை நிற்க வேண்டும். இவ்வளவுதான். ஸ்டெல்லா மேடம் வந்த பிறகுதான் என் வேலைக்கு ஒரு முறை வந்தது.

ஸ்டெல்லா மேடம் நாகர்கோவில் பக்கத்துக்காரர். கம்பெனிக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு அவருடையது. ஆபீஸில் எல்லோரும் என்னை "பாய்" என்றோ "சாய்" என்றோ கூப்பிடுவார்கள். சில பேருக்கு ஆளும் டீயும் ஒன்றுதான். அவர் மட்டும் வந்த முதல் நாளே "அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டு வேலையை மட்டும் இரண்டு மடங்கு வாங்குவார்.

அவருடைய முறை இப்படி. இன்டர்வியூவுக்கு வருகிறவரை ஏசி காற்று நேராக அடிக்காத நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். வியர்த்து வந்தவன் மேல் குளிர்காற்று பட்டால் உள்ளே போகும்போது தொண்டை கட்டிக்கொள்ளும் என்பார். முதலில் தண்ணீர். ஐஸ் தண்ணீர் கூடாது. உள்ளே போய் உட்கார்ந்ததும் சுலைமானி, அதாவது பால் இல்லாத டீ. பால் டீ ஆடை கட்டும், ஆடையை எப்படி எடுப்பது என்று பயந்து பிள்ளைகள் குடிக்காமலே உட்கார்ந்திருக்கும் என்பதால் சுலைமானி. டீ வந்து ஒரு வாய் குடிக்கும்வரை மேடம் எதிரில் இருக்கும் காகிதத்தைத் திருப்ப மாட்டார். போனைக் கவிழ்த்து வைப்பார். "சாப்பிட்டியா மக்ளே?" என்பார். அவர்கள் ஊரில் சின்னவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நைஜீரியாக்காரப் பையனானாலும் இதையேதான் இங்கிலீஷில் கேட்பார்.

அதற்குப் பிறகு இரண்டே கேள்விதான். இப்போது எந்த விசாவில் இருக்கிறாய்? நடுவில் விட்டுப்போன காலத்தில் என்ன செய்தாய்?

வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கேயே காலேஜில் படித்து முடித்த வெளிநாட்டுப் பிள்ளைகள். நாற்காலியில் உட்கார்ந்து உதட்டை அசைத்துப் பாடம் செய்துகொண்டிருப்பார்கள். சட்டை புதிது, ஷூ புதிது, பை மட்டும் காலேஜுக்கு முதுகில் மாட்டிய பழைய பை. அவர்கள் பாடம் செய்வதெல்லாம் இந்த இரண்டு கேள்விக்கான பதில்தான் என்று நாளாவட்டத்தில் எனக்குப் புரிந்தது. அப்பா விசாவில் இருக்கிறவன் அப்பாவிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். காலேஜ் விசாவில் இருக்கிறவனுக்குக் காலேஜ் சம்மதிக்க வேண்டும், அதன்பின் சர்க்கார் பெர்மிட் வர வேண்டும். விசிட் விசாவில் வந்தவன் இன்டர்வியூவுக்கு வரலாம், நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நாள்கூட வேலை பார்க்கக் கூடாது. மீறினால் கம்பெனிக்குத்தான் முதல் அடி. அப்போது நான் கேட்ட விதிகள் இவை. இப்போது மாறியிருக்கலாம்.

முதல் கேள்விக்குப் பயம். இரண்டாவது கேள்விக்கு வெட்கம். மட்டக்களப்புப் பெண் ஒருத்தி வந்தாள். "படிப்பு முடிஞ்சு ரெண்டு வருஷம் என்னம்மா செஞ்ச?" என்று மேடம் கேட்டதும், "கலியாணம் கட்டினன், பிள்ளை பெத்தன், இப்ப அவன் நடக்கிறான் மேடம். இனி நான் ஓடலாம்" என்றாள். மேடம் சிரித்த சிரிப்பு நான் டீ போடும் பேன்ட்ரி வரை கேட்டது. அவளுக்கு வேலை கிடைத்தது. ஒரு நைஜீரியாப் பையன், "ஒன்றும் செய்யவில்லை, காத்திருந்தேன்" என்றான். அவனுக்கும் கிடைத்தது. பெரிய பெரிய வார்த்தையாகச் சொன்னவர்களுக்குத்தான் கிடைக்காது. யாராவது பொய் சொன்னால் மேடம் திட்ட மாட்டார். மேஜையில் கிடக்கும் பேனாவை எடுத்து, மேஜை விளிம்புக்கு நேராக வைத்துச் சரிசெய்வார். அவ்வளவுதான். பேனா நேராகிவிட்டால் அடுத்து, "கால் பண்றோம்." அந்தப் போன் வராது என்று எனக்குத் தெரியும். நாற்காலியில் இருந்தவருக்குத் தெரியாது.

தினேஷ் வந்த நாளைச் சொல்ல வேண்டும்.

ரோலாவில் எங்கள் ரூமுக்குக் கீழே சந்தில் ஒரு கஃப்டீரியா இருந்தது. நாலு மேஜை, ஒரு பரோட்டாக் கல். நடத்தியவர் பட்டுக்கோட்டை சேகர். காலையில் டூட்டிக்குப் போகுமுன் நான் அங்கேதான் சாப்பிடுவேன். இரண்டு விரலைக் காட்டினால் இரண்டு பரோட்டா. சேகர் கல்லாவிலிருந்தபடியே என்னை வம்புக்கு இழுப்பார். "என்ன புதுக்கோட்டையாரே, இன்னைக்காச்சும் வாயத் தொறப்பியளா? இல்ல வாயி பரோட்டாவுக்கு மட்டுந்தானா?" கடையே சிரிக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு பிய்த்துத் தின்பேன்.

அந்தக் கடையில் ஒரு வருஷம் தினேஷ் இருந்தான். சேகரின் அக்கா மகன். வந்த புதிதில் அவன் போட்ட பரோட்டாவை மெல்லத் தனியாகப் பல் வேண்டும். ஆனால் மாமனைப் போல அவன் பேசிப் பேசிக் கேட்க மாட்டான். நான் வாசலில் நுழைந்ததும் கல்லில் இரண்டு விழும். மாவு மூட்டை மேல் ஒரு தடிப் புத்தகம் திறந்து கிடக்கும். எண்ணெய் படாமல் பிளாஸ்டிக் தாளால் மூடியிருப்பான். பரோட்டா வேகும் நேரத்தில் ஒரு பார்வை அதில் இருக்கும். ஒருநாள் திடீரென்று அவன் இல்லை. "காலேஜுக்குத் திரும்பப் போயிட்டான்" என்றார் சேகர். அதன்பின் நான் அவனைப் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, கட்டடக் கணக்குப் பார்க்கும் வேலைக்கு இன்டர்வியூ நடந்த ஒரு காலையில், எங்கள் ஆபீஸ் கதவைத் திறந்துகொண்டு டை கட்டிய ஒரு பையன் உள்ளே வந்தான். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"அண்ணே, நீங்க இங்கயா வேல பாக்குறீங்க?"

நான் தலையாட்டினேன். ஏசி படாத நாற்காலியைக் காட்டினேன். அவன் உட்காரவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அண்ணே, நான் மாமா கடையில நின்னத மட்டும்..." என்றான். முடிக்கவில்லை. முடிக்காமலே எனக்கு விளங்கியது. காலேஜ் விசாவில் இருந்துகொண்டு பெர்மிட் இல்லாமல் கடையில் வேலை பார்த்தது தெரிந்தால் அவனுக்கும் ஆபத்து, வைத்திருந்த சேகருக்கு அதைவிட ஆபத்து. தண்ணீரை நீட்டினேன். "பயப்படாதப்பா, நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்ல நினைத்தேன். வார்த்தை வரவில்லை. அவன் தண்ணீரைக் குடித்து முடித்து என் முகத்தையே பார்த்தான்.

உள்ளே மேடத்தோடு ஃபாரூக் சாப் இருந்தார். ஹைதராபாத்காரர், பெரிய இஞ்சினியர், வாய் ஓயாதவர். இருவரும் குடித்த கப்புகள் மேஜையில் கிடந்தன. நான் தினேஷுக்குச் சுலைமானி வைத்துவிட்டு வெளியே வந்து, வழக்கம்போல் கதவருகே நின்றேன்.

முதல் கேள்விக்கு அவன் நன்றாகவே சொன்னான். "காலேஜ் விசா மேடம். படிப்பு முடிஞ்சிருச்சு, இந்த மாசக் கடைசியோட விசா முடியுது. நீங்க எடுத்தீங்கன்னா காலேஜ்ல கேன்சல் பண்ணிட்டு, ஒங்க பெர்மிட் வந்த பிறகுதான் டூட்டில ஏறணும். அதுக்கு முன்னாடி ஏற மாட்டேன்."

"நல்லது. நாலு வருஷப் படிப்பு உனக்கு அஞ்சு வருஷம் ஆயிருக்கு. நடுவுல ஒரு வருஷம் என்ன மக்ளே?"

"உடம்பு சரியில்ல மேடம்."

"என்ன உடம்புக்கு?"

"மஞ்சக்காமாலை."

"ஒரு வருஷமாவா?"

"திரும்பத் திரும்ப வந்துச்சு மேடம்."

மேடம் பேனாவை எடுத்தார். மேஜை விளிம்புக்கு நேராக வைத்தார்.

"சரி. கால் பண்றோம். டீயக் குடிச்சிட்டுப் போ" என்றார். கப்புகளை எடுக்க நான் தட்டோடு உள்ளே போனேன்.

அவன் டீயை ஒரே மூச்சில் குடித்து எழுந்தான். எழுந்தவன் என்ன செய்தான் தெரியுமா? தன் கப், மேடம் கப், ஃபாரூக் சாப் கப், மூன்றுக்குள்ளும் மூன்று விரலை விட்டு ஒரே கையில் தூக்கினான். மறுகையால் டிஷ்யூ எடுத்து மேஜையில் இருந்த டீ வட்டத்தை ஒரே சுழற்றில் துடைத்தான். துடைத்த பிறகுதான், தான் எங்கே நிற்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. விரலில் கப்புகளோடு அப்படியே நின்றான்.

ஃபாரூக் சாப் வெடித்துச் சிரித்தார். "அரே கருப்பையா! தேரி நௌக்ரி கயீ!" என்றார். என் வேலை போயிற்றாம்.

மேடம் சிரிக்கவில்லை. அவன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, இந்தப் பையன ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்றால் அவன் கதை முடிந்தது. தெரியாது என்றால், அண்ணாச்சி என்று கூப்பிடும் ஒரே ஆளிடம் பொய். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"அவரக் கேக்காதீங்க மேடம். அவரு பாவம், பேச மாட்டாரு. நானே சொல்றேன்." கப்புகளை என் தட்டில் வைத்தான். "எங்கப்பா குவைத்துல, ஃபஹாஹீல்ல இருந்தாரு. கம்பெனியில ஆளக் கொறச்சப்ப ஊருக்கு அனுப்பிட்டாங்க. நான் காலேஜ்ல ரெண்டு செமஸ்டர் லீவு எழுதிக் குடுத்தேன், அதுக்குப் பேப்பர் இருக்கு. அந்த வருஷம் சொந்தக்காரங்க கடையில பரோட்டா போட்டேன். பெர்மிட் இல்ல. தப்புதான். மஞ்சக்காமாலையெல்லாம் இல்ல மேடம்."

"எந்தக் கடை?" என்றார் ஃபாரூக் சாப். அவருக்குத் தமிழ் அரைகுறையாக வரும்.

"அத மட்டும் சொல்ல மாட்டேன் சார். எனக்கு வேல இல்லாமப் போனாப் போவுது. அவங்க அடுப்புல தண்ணி ஊத்த மாட்டேன்."



"நமக்குக் கடை வேண்டாம் சார்" என்றார் மேடம். அவனிடம் திரும்பினார். "இந்த மஞ்சக்காமாலைய இதுக்கு முன்னாடி எங்கெல்லாம் சொன்ன?"

"அஞ்சாறு கம்பெனியில."

"என்ன சொன்னாங்க?"

"கால் பண்றோம்னாங்க."

"பின்ன? உடம்பு சரியில்லன்னு ஒரு வருஷத்த மூடி வச்சா, பாக்குறவன் என்ன நெனப்பான்? போலீஸ் கேஸா, விசாவுக்குத் தடை விழுந்தவனா, விசா குடுத்த கஃபீல விட்டு ஓடுனவனா, இப்படித்தான் போகும் புத்தி. நீ செஞ்சத விட நூறு மடங்கு மோசமானத அவனே அதுல எழுதிக்கிடுவான். மனசிலாச்சா?" கவிழ்த்து வைத்த போனை எடுத்தார். "இரு. அர்பாப்ப பாத்துட்டு வாறேன்."

அர்பாப் என்றால் எங்கள் முதலாளி. அந்த ஊர் அரபி, வயதானவர், இந்தி நன்றாகப் பேசுவார். இப்படி நடுவில் காலம் விட்டுப்போன யாரை எடுப்பதானாலும் மேடம் மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுவார். அவர் காகிதத்தைப் பார்க்க மாட்டார். "இவனைத் தெரிந்தவன் நம்மிடம் யார் இருக்கிறான்?" என்று ஒன்றுதான் கேட்பார். கம்பெனியில் ஒருவன் வந்து எதிரில் நின்று, எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டும். கையெழுத்து கிடையாது. நின்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். யாரும் வராவிட்டால் கலாஸ், அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மேடம் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்கதான் வரணும்."

"மேடம், எனக்குப் பேச்சு..."

"பேச வேண்டாம். கேட்டதுக்குப் பதில் சொன்னாப் போதும். உள்ளதச் சொல்லுங்க. கடை பேரு வேண்டாம்."

அர்பாப் ரூமுக்குள் நான் எத்தனையோ முறை கஹ்வா என்கிற அரபிக் காப்பி கொண்டுபோயிருக்கிறேன். கையில் ஒன்றும் இல்லாமல் போனது அன்றுதான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஃபாரூக் சாப்பும் கூடவே வந்திருந்தார். மேடம் நடந்ததையெல்லாம் சொன்னார். அர்பாப் வழக்கம்போல் கேட்டார், "யாருக்குத் தெரியும் இவனை?"

மேடம் என்னைக் காட்டினார். கிழவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கருப்பையாவா? இவன் பேசுவானா?" என்றார் இந்தியில். "இத்தனை வருஷம் இவனை ஊமை என்றல்லவா நினைத்தேன்!"

ஃபாரூக் சாப் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அந்தப் பையனை உனக்கு எப்படித் தெரியும்?"

"பரோட்டா போட்டான், சாப். நான் சாப்பிட்டேன்."

"நன்றாக இருந்ததா?"

உள்ளதைச் சொல்லச் சொல்லியிருந்தார் மேடம். "முதல் மாசம் இல்ல, சாப்."

அர்பாப் சிரித்தார். வயிறு குலுங்கியது. "பிறகு எதற்கு அங்கேயே போனாய்? ரோலாவில் வேறு கடையா இல்லை?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கே அதுவரை அதற்குப் பதில் தெரியாது. நின்ற இடத்தில் யோசித்தேன். "மற்ற கடையில் என்ன வேண்டும், என்ன வேண்டும் என்று சத்தம் போட்டுக் கேட்பார்கள் சாப். எனக்கு நாலு பேர் முன்னால் சொல்ல வராது. இவன் ஒருநாள் பார்த்தான். மறுநாளிலிருந்து என்னைக் கேட்கவே இல்லை. தானே வைத்துவிடுவான்." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. "மாவு மூட்டை மேல் காலேஜ் புத்தகம் வைத்துப் படிப்பான். எண்ணெய் படாமல் மூடி வைத்திருப்பான். ஒரு வருஷமும் அந்தப் புத்தகம் அங்கேயே இருந்தது."

இவ்வளவு நீளமாக இந்தியில் நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. மேடம் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அர்பாப் கண்ணாடியை மாட்டினார். சிரிப்பு போய்விட்டது. "நல்ல பையன். ஆனால் பெர்மிட் இல்லாமல் வேலை பார்த்தவனை இங்கிருந்தபடியே நான் எடுக்க மாட்டேன். அவன் விசா முடியட்டும். ஊருக்குப் போகட்டும். நாம் புது விசா போடுவோம். சர்க்கார் உள்ளே விட்டால் அவனுக்கு வேலை உண்டு. விடாவிட்டால் எனக்கும் அவனுக்கும் ஒன்றுமில்லை."

"இங்கயே மாத்திரலாமே, மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கே" என்று மேடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். கிழவர் அசையவில்லை.

தினேஷிடம் மேடமே சொன்னார். அவன் தலையாட்டினான், நன்றி சொன்னான். லிஃப்ட் வரை நான் கூடப் போனேன். கதவு திறந்ததும், "அண்ணே, ஊருக்குப் போ, விசா அனுப்புறோம்னு எங்கப்பாகிட்டயும் சொன்னாங்க. அவரு இன்னும் போனப் பாத்துக்கிட்டுத்தான் ஒக்காந்துருக்காரு" என்றான். கதவு மூடிவிட்டது.

மாதக் கடைசியில் அவன் ஊருக்கு, பட்டுக்கோட்டைக்குப் போனான்.

அதற்கப்புறம் காலைப் பரோட்டா எனக்கு இறங்கவில்லை. சேகர் கேலியை விட்டுவிட்டார். கல்லாவிலிருந்து எழுந்து வந்து என் மேஜையில் உட்காருவார். "மேடம் ஏதாச்சும் சொன்னாகளா?" இல்லை என்று தலையாட்டுவேன். "கேட்டுப் பாத்தியளா?" அதற்கும் இல்லை என்று தலையாட்டுவேன். "ஒரு வார்த்தை கேட்டா என்னங்க ஒங்களுக்கு? வாயில முத்தா கொட்டிப்புடும்?" கோபத்தில்தான் சொன்னார். அதில் நியாயம் இருந்தது. தினமும் மூன்று வேளை மேடம் மேஜையில் டீ வைக்கிறேன். வைக்கும்போதெல்லாம் கேட்க நினைப்பேன். கப் சத்தமில்லாமல் மேஜையில் உட்கார்ந்துவிடும், கேள்வி என்னோடு திரும்பி வந்துவிடும்.

இதற்கிடையில் அதே வேலைக்கு வேறு பிள்ளைகள் வந்தார்கள். தினேஷ் உட்கார்ந்த நாற்காலியில் ஒரு கேரளப் பையன் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அதே தண்ணீர், அதே சுலைமானி. நல்ல பையனாகத்தான் தெரிந்தான். இவனுக்குக் கிடைத்தால் தினேஷுக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டு டீ கொடுப்பது கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு மட்டும் டீயில் சர்க்கரை போட மறந்தேன்.

அந்தப் பையன் போனதும் ஃபாரூக் சாப் மேடத்திடம் கத்தினார். சைட்டில் ஆள் இல்லை, வேலை நிற்கிறது, இவனையே எடுத்துவிடுங்கள், ஜல்தி என்றார்.

"இவன அடுத்த சைட்டுக்கு எடுப்போம் சார். இந்த எடத்துக்கு ஆள் இருக்கு" என்றார் மேடம்.

"எங்கே இருக்கான்?"

"பட்டுக்கோட்டையில."

காலி கப்புகளோடு நான் கதவருகே நின்றிருந்தேன். அன்று சாயங்காலம் நேராகக் கடைக்குப் போய் சேகரிடம் நானாகவே சொன்னேன். "மேடம் மறக்கல." அவர் என் வாயையே பார்த்தார். "பேசிட்டியளா! ஏய், புதுக்கோட்டையாரு பேசிட்டாருடா!" என்று கடைக்கே கூவினார்.

ஆனால் மறக்காமல் இருப்பதும் விசா வருவதும் ஒன்றல்ல. அர்பாப் சொன்னதுபோல் சர்க்கார் விட வேண்டும். விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது, ஏதோ போட்டோ சரியில்லை என்று. மறுபடி போட்டார்கள். ரம்ஜான் வந்து ஆபீஸ் நேரம் குறைந்தது. பெருநாள் விடுமுறை வந்தது. சேகர் கேட்பதையும் நிறுத்திவிட்டார். கேட்காமல் இரண்டு பரோட்டாவை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

பெருநாள் முடிந்து ஆபீஸ் திறந்து சில நாள் ஆகியிருக்கும். மேடம் பேன்ட்ரிக்கு வந்தார். நான் இஞ்சி நசுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கையில் போன் ஒலித்துக்கொண்டிருந்தது, யாரையோ கூப்பிட்டபடியே வந்திருந்தார்.

"அண்ணாச்சி, கையத் தொடைங்க. ஒங்க ஆளுக்கு விசா வந்துட்டு. நீங்களே சொல்லுங்க" என்று போனை என் கையில் திணித்தார்.

"மேடம், நான் எப்படி..."

"அர்பாப் முன்னாடி பேசுனீங்கல்லா? பேசுங்க."

எதிர்முனையில் யாரோ எடுத்துவிட்டார்கள். "அலோ?" என்றது ஒரு பெரியவர் குரல்.

"தினேஷ் இருக்காருங்களா?"

"நான் அவன் அப்பா பேசுறேன். நீங்க யாரு?"

"நான் ஷார்ஜாவுல கம்பெனியில... டீ போடுறவன். விசா வந்துருச்சுங்க."

லைன் போய்விட்டதோ என்று மேடத்தைப் பார்த்தேன். இருக்கிறது என்று சைகை காட்டினார்.

"எம்ப்ளாய்மென்ட் விசாவா? விசிட் இல்லையே?"

"இல்லங்க. கம்பெனி விசாதான்."

"கஃபீல் யாரு, அரபியா? நேரடியா அவரு கம்பெனியா, ஆள் சப்ளை பண்ற கம்பெனியா?"

"நேரடிக் கம்பெனிதாங்க. நான் இருவது வருசமா இருக்கேன்."

"ரூம் குடுக்குறாங்களா?"

"ரூம் உண்டு."

"மெடிக்கல்?"

"உண்டு."

சொன்ன ஒவ்வொன்றையும் அவர் மெல்லத் திருப்பிச் சொல்லிக்கொண்டார். ஃபஹாஹீலில் எத்தனை பேருக்கு அவர் இதே கேள்விகளைக் கேட்டுப் பார்த்துக் கொடுத்திருப்பாரோ. சம்பளத்தை மட்டும் கேட்கவே இல்லை.

"லீவு எப்படிங்க?"

"வருசத்துக்கு ஒரு தடவ. டிக்கெட் கம்பெனி."

மூக்கை உறிஞ்சும் ஓசை மட்டும் கேட்டது.

"எனக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கத்தான் இருந்துச்சு" என்றார். "வருசத்துக்கு ஒண்ணுன்னா சரி. அனுப்பலாம்."

பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார் போலிருக்கிறது. குரல் தூரத்தில் கேட்டது. ஆனால் பேன்ட்ரியில் மேடத்துக்கும் கேட்கும் அளவுக்குக் கேட்டது.

"டேய் தினேசு! பரண்ல இருக்க பெட்டிய எறக்குடா!"